குழந்தைகளின் ஹார்மோன் கோளாறுகள்: வரிசையில் நின்றவர்கள் கேட்ட கேள்விகள்

ஒரு மாவட்ட அரசு மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் பல ஆண்டுகள் செவிலியராக இருந்தேன். வாரத்தில் ஒரு நாள் ஹார்மோன் கோளாறு உள்ள பிள்ளைகள் வருவார்கள். அன்று வரிசை வாசல்வரை நிற்கும். மருத்துவரால் ஒரு பிள்ளைக்கு ஐந்து நிமிடம் ஒதுக்க முடிந்தாலே பெரிது. உள்ளே எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வெளியே வருவார்கள். பிறகு என் மேசையருகே தயங்கி நின்று, "சிஸ்டர், ஒன்று கேட்கட்டுமா?" என்பார்கள்.

ஆட்கள் மாறினார்கள், கேள்விகள் மாறவில்லை. ஓய்வு பெற்ற பிறகும் பக்கத்து வீட்டிலும் கல்யாண மண்டபத்திலும் அதே கேள்விகளோடு என்னிடம் வருகிறார்கள். அதனால் எழுதி வைக்கிறேன். மருந்தின் அளவை மட்டும் இதைப் படித்து யாரும் மாற்ற வேண்டாம். அது பிள்ளையைப் பார்த்துச் செய்யும் வேலை.

சிஸ்டர், ஹார்மோன் என்பது வயதுக்கு வந்தவர்கள் சம்பந்தப்பட்டதுதானே? ஆறு மாதக் குழந்தைக்கு என்ன ஹார்மோன்?

பள்ளியில் 'நாளமில்லாச் சுரப்பிகள்' என்று படித்திருப்பீர்கள். கழுத்தில் தைராய்டு, வயிற்றில் கணையம், சிறுநீரகத்தின் தலைமேல் தொப்பி போல அட்ரீனல், மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் பிட்யூட்டரி. இவை இரத்தத்தில் நேரடியாகக் கலக்கும் சுரப்புகள்தாம் ஹார்மோன்கள். இலங்கைப் பாடப் புத்தகத்தில் 'ஓமோன்' என்று எழுதுவார்கள். மூளை வளர, எலும்பு நீள, உண்ட சோறு உடம்பில் சேர, உப்பும் நீரும் அளவாக இருக்க எல்லாவற்றுக்கும் இவை வேண்டும்.

பருவமடைவது இதில் ஒரு சிறு பகுதி. 'ஹார்மோன்' என்றதும் சில தகப்பன்மார் வெட்கப்பட்டு நகர்ந்துவிடுவார்கள். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை.

இதெல்லாம் வெளிநாட்டு வியாதி. எங்கள் தாத்தா காலத்தில் கேள்விப்பட்டதே இல்லையே?

தாத்தா காலத்திலும் இருந்தது, பெயர்தான் இல்லை. இன்சுலினே சுரக்காமல் போகும் டைப் 1 சர்க்கரை நோயில் மூச்சு வாங்கி இறந்த பிள்ளைக்குக் 'காய்ச்சல் கண்டது' என்றார்கள். அட்ரீனல் கோளாறில் இருபதாம் நாள் வாந்தியெடுத்துப் போன கைக்குழந்தைக்குத் 'தோஷம்' என்றார்கள். தைராய்டு இல்லாமல் பிறந்து மூளை வளராமல் போனவரை ஊரில் பட்டப்பெயர் வைத்துக் கூப்பிட்டார்கள். ஆப்பிரிக்க நாடுகளில் இன்றும் சர்க்கரை நோயில் மயங்கிவரும் பிள்ளைக்கு மலேரியா மருந்து கொடுத்து அனுப்புவது நடக்கிறது. காய்ச்சலையும் வயிற்றுப்போக்கையும் நாள் முழுக்கப் பார்க்கும் கண்ணுக்கு அரிதாக வருவது எளிதில் பிடிபடாது.

சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பின் 2021 மதிப்பீட்டின்படி, டைப் 1 சர்க்கரை நோயுள்ள 20 வயதுக்கு உட்பட்டவர்கள் உலகிலேயே அதிகம் இருப்பது இந்தியாவில்தான், 2,29,000-க்கும் மேல். இனிமேலாவது வெளிநாட்டு வியாதி என்று சொல்லாதீர்கள்.

பிறந்து மூன்று நாள்கூட ஆகவில்லை, குதிகாலில் குத்தி இரத்தம் எடுக்கிறார்கள். பச்சை உடம்பை ஏன் நோகடிக்க வேண்டும்?

நான்கைந்து சொட்டு இரத்தம். அதை ஒரு தாளில் ஊறவைத்துத் தைராய்டு சரியாக வேலை செய்கிறதா என்று பார்ப்பார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சென்னை உட்பட ஐந்து நகரங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைச் சோதித்தபோது, ஏறக்குறைய 1,130 குழந்தைகளுக்கு ஒன்று இந்தக் குறையுடன் பிறப்பது தெரிந்தது. மேலை நாடுகளில் இரண்டாயிரம் முதல் நான்காயிரத்துக்கு ஒன்று என்பார்கள். நம்மிடம் அதைவிட அதிகம்.

அவசரம் எதற்கு என்றால், முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் மூளை வளரத் தைராய்டு ஹார்மோன் இன்றியமையாதது. இரண்டு வாரத்துக்குள் மாத்திரை தொடங்கினால் பிள்ளை மற்றப் பிள்ளைகளைப் போலவே படிப்பான். ஆறு மாதம் கழித்துத் தொடங்கினால் உடம்பு தேறும். இழந்த அறிவு முழுதாகத் திரும்பாது. மாத்திரை அதேதான், விலை அதேதான். கோவா 2008-லேயே இந்தச் சோதனையைத் தொடங்கியது. கேரள அரசு மருத்துவமனைகளில் செய்கிறார்கள். இலங்கையில் தென் மாகாணத்தில் தொடங்கி விரிந்தது. எல்லா ஊரிலும் தானாக நடந்துவிடுவதில்லை. ஆகையால் பிரசவமான இடத்தில் "தைராய்டு பார்த்தாயிற்றா?" என்று நீங்களே கேளுங்கள். காது குத்த நாள் பார்க்கும் வீடு இதையும் கேட்கலாம்.

குழந்தை அழுவதே இல்லை, நாள் முழுக்கத் தூங்குகிறது. 'தங்கமான பிள்ளை' என்கிறார் மாமியார். அப்படித்தானே?

இந்தத் 'தங்கமான பிள்ளை' என்ற சொல் எனக்கு எப்போதும் கலக்கம் தரும். பசித்தால் அழ வேண்டும். அது குழந்தையின் வேலை. எழுப்பி எழுப்பிப் பால் கொடுக்க வேண்டியிருக்கிறது, அழுகை கரகரவென்று இருக்கிறது, மஞ்சள் காமாலை மூன்று வாரமாகியும் இறங்கவில்லை, மலம் கட்டுகிறது, தொப்புள் துருத்தி நிற்கிறது, நாக்கு வாய்க்குள் அடங்கவில்லை, உடம்பு சில்லிட்டிருக்கிறது என்றால் அன்றே தைராய்டு பார்க்க வேண்டும்.

ஆனால் இந்த அடையாளங்களுக்காகக் காத்திருக்காதீர்கள். பெரும்பாலான குழந்தைகளுக்கு முதல் வாரங்களில் வெளியே ஒன்றும் தெரியாது. தெரியும்போது தாமதமாகிவிட்டிருக்கும். மேலே சொன்ன குதிகால் குத்து அதற்காகத்தான்.

தைராய்டு மாத்திரையைப் பால் புட்டியில் போட்டுவிடலாமா? எத்தனை நாள் கொடுக்க வேண்டும்?

புட்டியில் போடாதீர்கள். குழந்தை பாதிப் பாலை வைத்துவிட்டால் பாதி மாத்திரையும் அதில் போய்விடும். ஒரு கரண்டியில் நுணுக்கி, சில சொட்டுத் தாய்ப்பாலிலோ ஆறவைத்த நீரிலோ குழைத்து, காலையில் ஒரே நேரத்தில் கொடுங்கள். முந்தைய நாளே கரைத்து வைப்பது கூடாது. இரும்புச்சத்து, கால்சியம் மருந்துகளும் சோயாப் பாலும் இதை உடம்பில் சேரவிடாது. சில மணி நேரம் தள்ளிக் கொடுங்கள். மாத்திரைப் புட்டியை அடுப்பு மேடையிலோ சாமி அலமாரியில் விளக்குக்குப் பக்கத்திலோ வைக்கக்கூடாது. சாமி அலமாரியில் வைத்த வீடுகள் எனக்குத் தெரிந்தே நான்கைந்து உண்டு.

மூன்று வயதுவரை நிறுத்தவே கூடாது. அதன்பின் சிலருக்கு மருத்துவர் நிறுத்திப் பார்த்து, சுரப்பி தானே வேலை செய்கிறதா என்று சோதிப்பார். பலருக்கு வாழ்நாள் முழுவதும் வேண்டும். ஒரு நாள் செலவு ஒரு தேநீர் விலைகூட வராது.

நாங்கள் கடற்கரைக்காரர்கள். தினமும் மீன் சாப்பிடுகிறோம், கல் உப்பு போடுகிறோம். அயோடின் உப்பு எங்களுக்கு எதற்கு?

தூத்துக்குடியும் வேதாரண்யமும் ஊருக்கெல்லாம் உப்பு அனுப்புகின்றன. ஆனால் 2018-19-இல் நாடு முழுக்க எடுத்த அயோடின் கணக்கெடுப்பில், போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் குறைவாக இருந்த மாநிலங்களில் தமிழ்நாடுதான் முன்னே நின்றது. உப்பு விளையும் இடத்தில் அள்ளிக்கொண்டு வருவது சுலபம், அதுதான் காரணம். கடல்நீர் காய்ந்து கல் உப்பாகும்போது அதில் அயோடின் ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம்.

அயோடின் இல்லாமல் தைராய்டு ஹார்மோன் உண்டாகாது. கருவுற்ற தாய்க்கு அது குறைந்தால் வயிற்றுப் பிள்ளையின் மூளையில் கை வைக்கும். இமாசலத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் ஊரே கழுத்துக் கழலையுடன் இருந்தது. 1956-இல் அங்கே டாக்டர் வி. ராமலிங்கசாமி குழுவினர் உப்பில் அயோடின் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். சில ஆண்டுகளில் பள்ளிப் பிள்ளைகளின் கழலை பெரிதும் குறைந்தது. 1962-இல் நாடு தழுவிய திட்டம் வந்ததற்கு அந்தப் பள்ளத்தாக்குதான் அடித்தளம். கல் உப்புதான் பிடிக்கும் என்றால் அயோடின் சேர்த்த கல் உப்பே கடையில் இருக்கிறது. மூடிய சாடியில் வையுங்கள், கொதி அடங்கும்போது போடுங்கள்.

சர்க்கரை நோய் பெரியவர்களுக்குத்தானே வரும்? எட்டு வயதுப் பிள்ளைக்கு எப்படி? மிட்டாய் நிறையத் தின்பாள், அதனாலா?

மிட்டாயால் வரவில்லை. தாத்தாவுக்கு வருவது டைப் 2: இன்சுலின் இருக்கிறது, சரியாக வேலை செய்யவில்லை. பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் வருவது டைப் 1: உடம்பின் எதிர்ப்புச் சக்தியே ஆள் தெரியாமல் கணையத்தின் இன்சுலின் செல்களை அழித்துவிடுகிறது. இன்சுலினே இல்லை. நீங்கள் கொடுத்த எதுவும் இதற்குக் காரணமல்ல, கொடுக்காமல் விட்டதும் அல்ல.

அடையாளங்கள் எளியவை. ஓயாத தாகம், அடிக்கடி சிறுநீர், படுக்கையில் நனைப்பதை நிறுத்தியிருந்த பிள்ளை மறுபடி நனைப்பது, நன்றாகச் சாப்பிட்டும் இளைப்பது, சிறுநீர் கழித்த இடத்தில் எறும்பு மொய்ப்பது. இந்த எறும்பை எங்கள் ஊர்ப் பாட்டிகள் மருத்துவருக்கு முன்பே பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். வயிற்றுவலி, வாந்தி, ஆழமாக மூச்சு வாங்குதல் வந்துவிட்டால் மணிக்கணக்கில்தான் நேரம். குடல்வால் என்று அறுவைக்கு எடுத்துப் போன பிள்ளைகளும் நிமோனியா என்று மருந்து வாங்கிய பிள்ளைகளும் உண்டு. விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துப் பார்த்திருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

தினமும் நாலு ஊசியா? தாத்தா மாத்திரைதானே சாப்பிடுகிறார், இவளுக்கும் மாத்திரை கொடுங்களேன்.

இன்சுலின் ஒரு புரதம். வாய்வழியாகக் கொடுத்தால் வயிறு அதைப் பருப்பைப் போலச் செரித்துவிடும். தாத்தாவின் மாத்திரை இருக்கிற இன்சுலினைத் தட்டி எழுப்புவது; இவளிடம் எழுப்ப ஒன்றும் இல்லை.

1922 சனவரியில் டொராண்டோவில் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனுக்குத்தான் முதன்முதலில் இன்சுலின் போட்டார்கள். அதற்கு முன் இந்த நோய் வந்த பிள்ளைகளைப் பட்டினி போட்டுச் சில மாதம் இழுத்துவைப்பதுதான் வைத்தியம். கண்டுபிடித்தவர்கள் காப்புரிமையை ஆளுக்கு ஒரு டாலருக்குப் பல்கலைக்கழகத்திடம் கொடுத்துவிட்டார்கள். நூறாண்டு கழித்தும் உலகில் ஏழைப் பிள்ளைகளுக்கு அது எட்டாமல் இருப்பதை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

எங்கள் வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லை. இன்சுலின் கெட்டுப் போகாதா?

மண்பானை இருக்கிறதல்லவா, போதும். ஒரு பெரிய பானையில் ஈர மணல் போட்டு, அதற்குள் சின்னப் பானையை வைத்து, இன்சுலின் புட்டியை உறையோடு உள்ளே வையுங்கள். மணலைத் தினமும் நனைத்து, காற்றோட்டமான நிழலில் வையுங்கள். பானையின் மேல் நீர் ஆவியாகும்போது உள்ளே குளிரும்; வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே பல டிகிரி குறைவாக இருக்கும்.

எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் ஜெனீவா பல்கலைக்கழகமும் கென்யாவின் தாதாப் அகதி முகாமின் வெப்பநிலையை வைத்துச் சோதித்து 2021-இல் முடிவை வெளியிட்டன: 25 முதல் 37 டிகிரிக்குள் ஏறி இறங்கினாலும் நான்கு வாரம் இன்சுலின் வீரியம் இழக்கவில்லை. ஆகவே திறந்த புட்டியை நான்கு வாரத்தில் மாற்றிவிட்டால் பயம் வேண்டாம். நேர் வெயிலும் பஸ்ஸின் எஞ்சின் மேல்பலகையும்தான் எமன். ஃபிரிட்ஜ் உள்ளவர்களுக்கு ஒரு சொல்: ஐஸ் வைக்கும் மேல் அறையில் வைத்து உறையவிட்ட இன்சுலினைக் குப்பையில்தான் போட வேண்டும்.

அதே பத்துக் கோடுதான் இழுத்துப் போட்டேன். ஆனால் பிள்ளைக்கு வியர்த்து மயக்கம் வந்துவிட்டது. ஏன்?

ஊசியின் மூடியைப் பாருங்கள். நம் நாட்டில் புட்டி இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. சில புட்டிகள் ஒரு மில்லிக்கு 100 யூனிட்; அதற்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் புட்டியிலிருந்து சிவப்பு மூடிச் சிரிஞ்சில் பத்துக் கோடு இழுத்தால் பிள்ளைக்குள் போவது இருபத்தைந்து யூனிட். மாற்றிப் போட்டால் நான்குதான் போகும், சர்க்கரை இறங்காது. கடைக்காரர் "எல்லாம் ஒன்றுதான்" என்பார். ஒன்றல்ல. ஒவ்வொரு முறையும் புட்டியில் உள்ள எண்ணும் சிரிஞ்சில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பார்த்து வாங்குங்கள். பேனா ஊசியின் குப்பியிலிருந்து சிரிஞ்சால் உறிஞ்சுவதும் இதே ஆபத்துதான்.

சர்க்கரை இறங்கி நடுக்கம் வந்தால், விழுங்க முடிகிற பிள்ளைக்கு உடனே மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுங்கள். கால் மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். நினைவில்லாத பிள்ளையின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்துத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். இதற்கென்றே குளுக்ககான் என்ற ஊசி உண்டு. நம்மைப் போன்ற நாடுகளில் அது கடைகளில் கிடைப்பது அரிது.

இன்சுலின் அரசு மருத்துவமனையில் இலவசம் என்கிறார்கள். பிறகும் ஏன் மாதம் இவ்வளவு செலவாகிறது?

சோதனைப் பட்டை. ஒரு நாளைக்கு நான்கு முறை பார்க்கச் சொல்கிறோம். மாதத்துக்கு நூற்றிருபது பட்டை. இலவசமாக வரும் இன்சுலினோடு பட்டை வராத இடங்கள் பல. கருவியை மலிவாகக் கொடுத்துப் பட்டையில் காசு பார்ப்பது கம்பெனிகளின் வழக்கம். பட்டை இல்லாமல் இன்சுலின் போடுவது இருட்டில் மாடிப்படி இறங்குவதற்குச் சமம்.

கட்டுப்படியாகவில்லை என்றால் வெளிப்படையாக மருத்துவரிடம் சொல்லுங்கள். எந்தெந்த நேரம் கட்டாயம் பார்க்க வேண்டும், எதை விடலாம் என்று அவர் பிரித்துத் தருவார். சொல்லாமல், குறிப்பேட்டில் கற்பனை எண்களை எழுதிவருவது மட்டும் வேண்டாம். அந்த எண்களைப் பார்த்துத்தான் அளவை மாற்றுகிறார்கள். கற்பனை எண்கள் எப்போதும் வட்டமாக, 120, 130, 140 என்று இருக்கும். எங்களுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொள்வார்கள்.

பள்ளியில் சொல்லவா வேண்டாமா? பெண் பிள்ளை, நாளைக்கு வரன் பார்க்க வேண்டுமே.

சொல்லுங்கள். வகுப்பு ஆசிரியருக்கு மயக்கத்தின் அடையாளம் தெரியாவிட்டால் தூங்குகிறாள் என்று விட்டுவிடுவார். கழிப்பறைக்குப் போகவும் இடையில் சாப்பிடவும் அனுமதி வேண்டும். சி.பி.எஸ்.இ. 2017-லேயே டைப் 1 மாணவர்கள் சர்க்கரை மாத்திரை, பழம், நொறுக்குத் தீனி, தண்ணீர் ஆகியவற்றைத் தேர்வறைக்குள் கொண்டுபோகலாம் என்று சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது.

வரனைப் பற்றி: மறைத்துக் கட்டிக்கொடுத்து, புகுந்த வீட்டில் குளியலறைக்குள் ஒளிந்து ஊசி போட்டு, ஒரு கட்டத்தில் போடாமலே விட்டு, தீவிரப் பிரிவுக்கு வந்த பெண்ணை நான் பார்த்திருக்கிறேன். இதற்குமேல் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

ஒரு வைத்தியர் சூரணம் கொடுத்தார். இப்போது இன்சுலின் பாதியாகக் குறைந்தும் சர்க்கரை சரியாக இருக்கிறது. குணமாகிறதுதானே? ஊசியை நிறுத்தலாமா?

ஊசி தொடங்கி எத்தனை மாதம் என்று முதலில் கேட்பேன். பெரும்பாலும் இரண்டு, மூன்று என்பார்கள். புதிதாக நோய் கண்ட பிள்ளைக்கு இன்சுலின் தொடங்கியதும், அழியாமல் மிஞ்சியிருக்கும் செல்களுக்குச் சற்று ஓய்வு கிடைத்து அவை மறுபடி சுரக்கும். தேவை மளமளவென்று குறையும். மருத்துவர்கள் இதைத் தேனிலவுக் காலம் என்பார்கள். சில வாரமோ சில மாதமோ ஓராண்டோ நீடிக்கும், பிறகு முடிந்துவிடும். சூரணம் சாப்பிடாத பிள்ளைக்கும் இது வரும்.

போலிகள் பெயர் வாங்குவது சரியாக இந்த இடத்தில்தான். சித்த மருத்துவம் மதுமேகத்தை எப்போதோ அறிந்திருந்தது; அதில் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் இல்லாத இன்சுலினை எந்த வேரும் இலையும் தராது. ஊசியை முழுதாக நிறுத்தினால் சில நாள்களில் பிள்ளை மயங்கும். எந்த வைத்தியம் செய்தாலும் இன்சுலின் நிற்கக்கூடாது; 'நிறுத்து' என்று ஒருவர் சொன்னால் அவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

பிள்ளை வகுப்பிலேயே குள்ளம். வளர்ச்சி ஹார்மோன் ஊசி போட்டால் உயருவானா?

குள்ளமா என்பதைவிட வளர்கிறானா என்பதுதான் கேள்வி. முதல் ஆண்டில் சுமார் 25 சென்டிமீட்டர், இரண்டாம் ஆண்டில் 12, பிறகு பருவமடையும்வரை ஆண்டுக்கு ஐந்தாறு. கதவு நிலையில் பிறந்தநாள்தோறும் பென்சில் கோடு போடுங்கள். போன தீபாவளிச் சட்டை இந்தத் தீபாவளிக்கும் அளவாக இருந்தால் சந்தோஷப்படாதீர்கள், கூட்டிவாருங்கள்.

தாய் தகப்பன் உயரம், அடிக்கடி வந்த நோய், சாப்பாடு, இரத்தசோகை, தைராய்டு எல்லாவற்றையும் பார்த்த பிறகுதான் வளர்ச்சி ஹார்மோன் பேச்சு வரும். காரணம் தெரியாமல் குள்ளமாக இருக்கும் பெண் குழந்தைக்கு டர்னர் என்ற குரோமோசோம் குறை உண்டா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். ஹார்மோன் குறைவு உறுதியானால் ஊசி நன்றாக வேலை செய்யும். ஆனால் தினமும், பல ஆண்டு, பெரும் செலவு. எலும்பின் வளர்முனை மூடிவிட்டால் பயனில்லை. கடையில் விற்கும் உயரம் கூட்டும் பொடிகளைப் பற்றிக் கேட்காதீர்கள், சத்துமாவு மலிவு.

குண்டாக இருக்கிறான், தைராய்டாகத்தான் இருக்கும். கழுத்துக் கருப்பும் எவ்வளவு தேய்த்தாலும் போகவில்லை.

எங்கள் மருத்துவர் ஒரு சூத்திரம் சொல்வார்: குண்டாகவும் வயதுக்கேற்ற உயரமாகவும் இருந்தால் சமையலறையைப் பார், குண்டாகவும் குள்ளமாகவும் இருந்தால் சுரப்பியைப் பார். பத்தில் ஒன்பது பேர் முதல் வகை.

கழுத்துக் கருப்பு அழுக்கு அல்ல. பீர்க்கங்கூடு கொண்டு தேய்த்துப் புண்ணாக்கிய பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். இன்சுலின் நிறையச் சுரந்தும் சரியாக வேலை செய்யாததன் அடையாளம் அது. தாத்தாவின் டைப் 2, இப்போது பதின்மூன்று வயதிலேயே வரத் தொடங்கியிருக்கிறது. அந்தக் கருப்பு முன்கூட்டியே வரும் எச்சரிக்கை.

பிராய்லர் கோழிக்கு ஹார்மோன் ஊசி போடுகிறார்கள், அதனால்தான் பெண் பிள்ளைகள் சீக்கிரம் வயதுக்கு வருகிறார்கள் என்கிறார்களே?

எல்லாரும் சொல்வதுதான். ஆயிரக்கணக்கான கோழிகளுக்குத் தினமும் ஒவ்வொன்றாகப் பிடித்து ஊசி போட எந்தப் பண்ணைக்காரருக்கும் கட்டுப்படியாகாது. ஆறு வாரத்தில் எடை போடுவது பல தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்த இனத்தாலும் தீவனத்தாலும்தான். வளர்ச்சி ஹார்மோன் இருந்தாலும், இன்சுலினைப் பற்றிச் சொன்னது போல, வயிறு அதைச் செரித்துவிடும். கோழியில் கவலைப்பட வேண்டியது ஆன்டிபயாடிக்.

சீக்கிரம் பூப்பதற்குத் தெரிந்த பெரிய காரணம் உடல் எடை கூடியது. பத்து, பதினொன்றில் பூப்பது இப்போது நோயல்ல. எட்டு வயதுக்குள் மார்பு வளரத் தொடங்கினாலும், ஆண் பிள்ளைக்கு ஒன்பது வயதுக்குள் மாற்றம் தெரிந்தாலும் காட்ட வேண்டும்; ஆண் பிள்ளைக்கு இன்னும் அவசரமாக, ஏனென்றால் மூளையில் கட்டி போன்ற காரணம் இருக்கும் வாய்ப்பு அவர்களுக்கு அதிகம். தள்ளிப்போட மாதம் ஒன்றோ மூன்று மாதத்துக்கு ஒன்றோ போடும் ஊசி உண்டு. ஏழு வயதுக் குழந்தைக்கு மண்டபம் பிடித்துச் சடங்கு வைத்து, மொய் எழுதி முடித்த பிறகு கூட்டிவந்தார்கள் ஒருமுறை. அந்தக் குழந்தை கையில் பொம்மை இருந்தது.

பிறந்தபோது ஆணா பெண்ணா என்று சொல்லத் தயங்கினார்கள். இப்போது இருபது நாள், வாந்தியாக எடுக்கிறது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா?

உண்டு, இன்றே வாருங்கள். அட்ரீனல் சுரப்பியில் பிறவியிலேயே ஒரு நொதி இல்லாவிட்டால் உப்பைக் காக்கும் ஹார்மோன் சுரக்காது. ஆண்மை ஹார்மோன் மட்டும் அதிகமாகும். அதனால் பெண் குழந்தையின் பிறப்புறுப்பு மாறித் தெரியும். இரண்டு, மூன்று வாரத்தில் உடம்பின் உப்பு வடிந்து, வாந்தி, சோர்வு, இரத்த அழுத்தம் சரிந்து மயக்கம். ஆண் குழந்தைக்கு வெளித்தோற்றம் இயல்பாகவே இருக்கும். அதனால் வயிற்றுப்போக்கு என்று நினைத்து இழந்த ஆண் குழந்தைகள்தாம் அதிகம். குதிகால் குத்துப் பற்றிச் சொன்னபோது குறிப்பிட்ட ஐந்து நகர ஆய்வில் ஏறக்குறைய 5,760 குழந்தைகளுக்கு ஒன்றுக்கு இது இருந்தது.

ஹைட்ரோகார்டிசோன், ஃப்ளூட்ரோகார்டிசோன் என்ற இரு மாத்திரைகளும் சற்று உப்பும் கொடுத்தால் குழந்தை நன்றாக வளரும். காய்ச்சல் வந்தால் ஹைட்ரோகார்டிசோனை இரண்டு, மூன்று மடங்காக்க வேண்டும். வாந்தியெடுத்தால் ஊசியாகப் போட வேண்டும். அளவை மருத்துவரிடம் எழுதி வாங்கி, அட்டையாகப் பிள்ளையின் பையிலேயே வையுங்கள். இந்தப் பெண் குழந்தைக்குக் கருப்பையும் சினைப்பையும் இயல்பாகவே உண்டு. 'உடனே அறுத்துச் சரிசெய்யுங்கள்' என்று உறவினர் அவசரப்படுத்துவார்கள். சென்னை உயர்நீதிமன்றத் தீர்ப்பையடுத்து 2019 ஆகஸ்டில் தமிழக அரசு, உயிருக்கு ஆபத்து இல்லாத நிலையில் இப்படிப்பட்ட அறுவையைச் சிசுக்களுக்குச் செய்யத் தடை விதித்தது. முதலில் உயிர், மற்றவை நிதானமாக.

இழுப்புக்கு ஒருவர் பொட்டலப் பொடி கொடுத்தார். இழுப்பும் நின்றது, பிள்ளையும் கொழுகொழுவென்று ஆகிவிட்டான். நல்லதுதானே?

முகம் நிலா போல உருண்டு, கன்னம் சிவந்து, வயிறு பெருத்து, உயரம் மட்டும் நின்றுவிட்டதா? பொடியில் ஸ்டீராய்டு, அதாவது அட்ரீனல் சுரக்கும் ஹார்மோனைப் போன்ற மருந்து, கலந்திருக்கலாம். பெயரில்லாப் பொட்டலங்களில் இது அடிக்கடி நடக்கிறது. தொடையிடுக்கு அரிப்புக்கும் படைக்கும் கடையில் கேட்டு வாங்கித் தடவும் களிம்புகளிலும் வீரியமான ஸ்டீராய்டு உண்டு. குழந்தையின் தொடையிடுக்கில் மாதக்கணக்கில் தடவினால் உடம்புக்குள் போய்விடும்.

இதைப் படித்துவிட்டு இன்றே நிறுத்திவிடாதீர்கள். வெளியிலிருந்து வந்துகொண்டிருந்ததால் பிள்ளையின் அட்ரீனல் தூங்கிப்போயிருக்கும். சட்டென்று நிறுத்தினால், மேலே சொன்ன கைக்குழந்தையின் கதிதான் இவனுக்கும். பொட்டலத்தையும் களிம்பையும் கையோடு கொண்டுவாருங்கள், படிப்படியாகக் குறைப்பார்கள்.

அக்காள் மகளைக் கட்டியதால்தான் இப்படிப் பிறந்தது என்று என் வீட்டாரே அவளைப் பேசுகிறார்கள். உண்மையா?

நோயைப் பொறுத்தது. டைப் 1 சர்க்கரைக்கும் சொந்தத்தில் கட்டியதற்கும் அப்படிப்பட்ட நேரடித் தொடர்பு இல்லை. அந்த நோய் உள்ள பெண்ணுக்குப் பிறக்கும் குழந்தைகளில் நூற்றுக்குச் சிலருக்கே அது வரும். பிறவித் தைராய்டுக் குறையில் பெரும்பாலும் சுரப்பி உருவாகும்போதே ஏற்படும் பிழை, பரம்பரையல்ல. சுரப்பி இருந்தும் ஹார்மோன் செய்ய முடியாத சிறு பகுதியினருக்குச் சொந்தத் திருமணம் ஒரு காரணமாகலாம்.

அட்ரீனல் நொதிக் குறை மட்டும் வேறு. அது வர, தாயும் தகப்பனும் ஆளுக்கொரு பழுதான மரபணுவைக் கொடுத்திருக்க வேண்டும். சொந்தத்தில் கட்டும்போது இருவரும் ஒரே முன்னோரிடமிருந்து அதை வாங்கியிருக்கும் வாய்ப்பு கூடும். ஆளுக்கொன்று என்றேன், கவனித்தீர்களா? அவளை மட்டும் பேச இடமில்லை. இனிப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி வராது என்று கணக்குப் போடக்கூடாது. அடுத்து உண்டானதும், முதல் பிள்ளையின் சீட்டோடு ஆரம்பத்திலேயே வந்து சொல்லுங்கள். பிறந்த வாரத்திலேயே இரத்தம் பார்த்துவிடலாம். அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு, அவள் தனியாக வராமல், நீங்களும் கூட வாருங்கள்.